மூன்றாவது பெயர்

"ஹோர்னி பேரைப் போட்டா ஜே லாஸ்ட் பேரையும் போடணும், லெஹோவெக் பேரையும் போடணும். எங்கே நிறுத்துவீங்க, சொல்லுங்க?" என்று மேடம் கேட்டார். சிப்பை, அதாவது மின்சுற்றின் பாகங்களையெல்லாம் ஒரே துண்டில் அடக்கும் முறையை, கண்டுபிடித்தவர்கள் பற்றிய காட்சிப் பலகையில் மூன்றாவதாக ஜீன் ஹோர்னியின் பெயரையும் போடலாம் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காட்சிப் பலகை ஜாக் கில்பி, ராபர்ட் நாய்ஸ் என்ற இரண்டு பெயர்களோடு அச்சுக்குப் போனது.

அவர் கேட்டது நியாயம்தான். பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கிற பலகையில் நாலு வரிக்கு மேல் இடமில்லை. அந்த இரண்டு பெயர்களில் தப்பும் இல்லை. 1958 செப்டம்பர் 12 அன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கில்பி ஒரு சின்ன ஜெர்மேனியம் துண்டில் முழு மின்சுற்றையும் இயக்கிக் காட்டினார். 1959 ஜனவரியில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் நாய்ஸ் தன் யோசனையைக் குறிப்பேட்டில் எழுதினார். சரி, வரலாறு அப்படித்தானே சொல்கிறது என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் கில்பியின் அந்தத் துண்டைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், பாகங்களை இணைக்க மெல்லிய தங்கக் கம்பிகள் மேலே வளைந்து போவது தெரியும். ஒவ்வொன்றும் கையால் ஒட்டியது. அப்படி லட்சக்கணக்கில் செய்ய முடியாது. நாய்ஸின் யோசனையில் கம்பியே கிடையாது. சிலிக்கன் மேல் இருக்கும், மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலத்தின் மீதே அலுமினியக் கோடுகள் ஓடும். அந்தப் படலம் எங்கிருந்து வந்தது? டிரான்சிஸ்டர் செய்து முடித்ததும் அழுக்கு என்று எல்லோரும் அரித்து எடுத்துவிட்டதை, அப்படியே விட்டால் டிரான்சிஸ்டருக்குள் இரு வகைப் பகுதிகள் சேரும் சந்திப்புகளை அதுவே காக்கும் என்று சொன்னவர் அதே ஃபேர்சைல்டில் இருந்த ஜீன் ஹோர்னி. பிளேனார் முறை எனப்படும் அவருடைய இந்த வழி இல்லாவிட்டால் நாய்ஸின் கோடுகளுக்குக் கீழே தரையே இல்லை.

"எது இல்லாவிட்டால் இன்றைய சிப் இல்லையோ, அங்கே நிறுத்தலாம் மேடம்" என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பதில் பிறகுதான் தோன்றியது, தோன்றியதிலிருந்து விடவில்லை.

அதே அளவுகோலை வைத்தால் லெஹோவெக்கும் உள்ளே வந்துவிடுவார். ஒரே சிலிக்கனில் இருக்கும் பாகங்களை மின்சார ரீதியில் பிரித்து வைக்கும் வழி அவருடையது. 1960-இல் நாய்ஸின் யோசனையை உண்மையிலேயே செய்து காட்டிய லாஸ்டின் குழுவை மட்டும் எப்படி விடுவது? அப்போது மேடம் சொன்னதே சரி என்று ஆகிறது. அதைவிடச் சங்கடம், இன்றைய சிப் கில்பியின் கம்பிகளிலிருந்து வளரவில்லை. என் அளவுகோல்படி பலகையிலிருந்து முதலில் போக வேண்டிய பெயர் அவருடையது. எல்லாப் பாகங்களையும் ஒரே பொருளில் செய்துவிடலாம் என்று முதலில் செய்து காட்டிய மனிதரின் பெயரை எடுக்க எனக்கு மனசு வராது.