லூர்துவில் சக்கர நாற்காலிக்குத்தான் முதல் வழி

லூர்து பயணத்துக்குப் பெயர் கொடுத்த பிறகு எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஜெபம் இல்லை, சக்கர நாற்காலிக்கு பிரேக் போடுவது. நடைபாதை விளிம்பு வந்தால் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக மெதுவாக இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன்னால் அதில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது.

இங்கிலாந்தின் லிவர்பூல் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் ஜூலையில், பிரான்சில் மாதா காட்சி தந்த ஊரான லூர்துக்குத் திருப்பயணம் போகும். நோயாளிகளும் வயதானவர்களும்தான் அதன் முக்கிய விருந்தினர்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், சாமியார்கள் கூட வருவார்கள். அப்புறம் ஒரே நிற ஹூடி போட்டுக்கொண்டு எங்களைப் போன்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். என் அம்மா நர்ஸ். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இங்கே வேலை கிடைத்து வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் மாதா என்றால் வில்லியனூர் லூர்து மாதாதான். பிரெஞ்சுக் குருக்கள் கட்டிய கோயில், எதிரே ஒரு குளம். லூர்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தக் குளத்தில் கலந்தார்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதனால் லூர்து என்ற பெயர் எனக்குப் பிரான்ஸ் நாட்டுப் பெயராகவே தோன்றியதில்லை.

பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கப்பலில் கடலைத் தாண்டி, பிரான்சின் தலையிலிருந்து கால் வரை கடந்து, பிரெனே மலையடிவாரம் வரை உட்கார்ந்தே போனோம். கழுத்து போயிற்று.

எனக்கும் என் தோழிக்கும் ஒப்படைக்கப்பட்ட பாட்டி லிவர்பூல்காரர், ஐரிஷ் வம்சம். பக்கவாதத்தில் இடதுபக்கம் விழுந்துவிட்டது, வாய் மட்டும் விழவே இல்லை. நோயாளிகள் தங்கும் இல்லம் காவ் ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கெபி, மாதா காட்சி தந்த பாறைக் குகை. நாற்காலி போக, நீலக் கூரை வைத்த மூன்று சக்கர வண்டிகளும் அங்கே உண்டு. அதை முன்னாலிருந்து ஒருவர் இழுக்க வேண்டும். முதல் நாள் நான் இழுத்தேன். "மெதுவாப் போ, நான் இன்னும் சாகலை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

லூர்துவில் நான் பார்த்த பெரிய அதிசயம், கூட்டம் ஒதுங்குவதுதான். எந்த ஊர்க் கோயில் திருவிழாவிலும் வண்டியில் வருகிறவர்கள் ஓரமாக நிற்பார்கள். யாராவது இரக்கப்பட்டால் முன்னால் விடுவார்கள். இங்கே தலைகீழ். கெபிக்குப் போகும் வரிசையிலும் பவனியிலும் பூசையிலும் முதல் இடம் நாற்காலிகளுக்கு. ஆயர் வந்தாலும் அவர்களுக்குப் பின்னால்தான் இடம் தேடிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஒருநாள் பாட்டியிடம், "சுகம் கிடைக்க வேண்டுமென்று கேட்டீர்களா?" என்றேன். "முதல் தடவை கேட்டேன். அப்புறம் கேட்கிறதை விட்டுட்டேன், வர்றதை விடலை. ஊர்ல சூப்பர்மார்க்கெட் போனாக்கூட நான் எல்லாருக்கும் இடைஞ்சல். இங்க எனக்காக எல்லாரும் நகர்றாங்க" என்றார். சொல்லிவிட்டு, தேநீர் ஆறிப்போனதற்காக என்னைத் திட்டினார்.

மசபியேல் கெபி நான் நினைத்ததைவிட சின்னது. ஆற்றங்கரைப் பாறையில் ஒரு குடைவு, அவ்வளவுதான். 1858 பிப்ரவரி 11-ஆம் தேதி விறகு பொறுக்க வந்த பெர்னதெத் சுபிரு இந்தக் குடைவில்தான் மாதாவைப் பார்த்தாள். வயது 14. தங்கையும் ஒரு தோழியும் ஓடையைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆஸ்துமாக்காரியான இவள் குளிர்ந்த தண்ணீரில் இறங்கத் தயங்கி, காலுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில்தான் காட்சி. ஜூலை 16 வரை மொத்தம் 18 தடவை. பிப்ரவரி 25-ஆம் தேதி மாதா காட்டிய இடத்தில் சேற்றைக் கையால் தோண்டி, அந்தக் கலங்கல் தண்ணீரையே குடித்தாள். முகமெல்லாம் சேறு. வந்திருந்த கூட்டம் பைத்தியம் என்று சொல்லிக் கலைந்துபோனது. இன்றைக்கு அந்த ஊற்றைக் கண்ணாடி போட்டு மூடி, உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள்.

வரிசையில் போகும்போது பாறையைத் தொட்டுக்கொண்டே போகலாம். எத்தனையோ கைகள் பட்டு அந்த இடம் வழவழவென்று கறுத்துக் கிடக்கிறது. மேலே ஈரம் கசிகிறது. பாட்டிக்கு வலது கை எட்டவில்லை. நாற்காலியை ஒட்டி நிறுத்தி பிரேக் போட்டோம். அவர் கையை நீட்டியும் ஒரு சாண் தூரம் மிச்சம். நான் பாறையைத் தடவி, ஈரமான என் உள்ளங்கையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை நெற்றியில் தேய்த்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மேலே நிற்கும் மாதா சுருவத்தை, அதாவது சிலையைப் பற்றி ஒரு கதை உண்டு. 1864-இல் ஃபபீஷ் என்ற சிற்பி செய்தது. பெர்னதெத்திடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். முடிந்ததும் அவள், அழகாக இருக்கிறது, ஆனால் நான் பார்த்தது இது இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் பார்த்தது தன்னளவே உயரமான, சின்னஞ்சிறு பெண்ணை. வந்திருப்பதோ பெரிய மனுஷி. பெர்னதெத்தின் இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. விசாரித்த பெரியவர்களிடமும் அவள் இதே தோரணையில்தான் பேசியிருக்கிறாள். உங்களிடம் சொல்லச் சொன்னார்கள், நம்ப வைக்கச் சொல்லவில்லை என்றாளாம்.

அவள் வீட்டைப் பார்த்த பிறகுதான் அந்தத் தைரியம் எவ்வளவு பெரியது என்று புரிகிறது. வீடு என்று சொல்லக் கூடாது. கஷோ என்பார்கள், பழைய சிறை அறை. கைதிகளுக்கே ஆகாது என்று கைவிட்ட இடம். அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போய், கடைசியில் குடும்பத்தோடு இங்கே வந்து ஒண்டினார். சுமார் 16 சதுர மீட்டர். அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள். எங்கள் குழு உள்ளே போனபோது பாதிப் பேருக்கு மேல் நிற்க இடமில்லை. லூர்துவில் பசிலிக்கா எனப்படும் பெரிய கோயில்களைவிட எனக்கு மனதில் நின்றது இந்த அறைதான். நிலத்தடியில் இருக்கும் பத்தாம் பத்திநாதர் பசிலிக்காவை, காட்சியின் நூற்றாண்டான 1958-இல் கட்டி முடித்தார்கள். 25,000 பேர் கொள்ளும் என்கிறார்கள். ஆனால் உள்ளே நுழைந்தால் கார் பார்க்கிங் ஞாபகம்தான் வருகிறது. கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பத்தை ஏந்திக் கொடுக்கும் நற்கருணை ஆசீர் தொடங்கி, நாற்காலிகள் வரிசை வரிசையாக முன்னால் நின்ற பிறகு அந்தக் கான்கிரீட் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

தண்ணீரில் முழுக்காட்டும் வழக்கம் கொரோனாவோடு நின்று, பிறகு பெரும்பாலும் வேறு மாதிரி நடக்கிறது. திரைக்குள் போனால் ஒரு பெண்மணி குடுவையிலிருந்து நம் கையில் ஊற்றுவார். கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, மிச்சத்தைக் குடிக்க வேண்டும். ஜூலை மாதத்திலும் அப்படியொரு சில்லிப்பு, முழங்கை வரை வழிந்து ஹூடிக்குள் போய்விட்டது. மனதுக்குள் கேட்க வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். குளிரில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "சரி மாதாவே, உனக்கே தெரியும்" என்று வந்துவிட்டேன்.

பாட்டி அப்போதுதான் ஜாக் டிரெய்னர் கதையை ஆரம்பித்தார். "எங்க ஊர் ஆள்" என்று அவர் சொன்ன விதத்தில் கால்பந்து வீரரைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்தேன். டிரெய்னர் முதல் உலகப் போர் சிப்பாய். 1915-இல் துருக்கியின் கலிப்போலியில் குண்டு பாய்ந்து வலது கை செத்துவிட்டது. தலைக் காயத்தால் வலிப்பு வேறு. நடக்க முடியாது. 1923 ஜூலையில் லிவர்பூலிலிருந்து முதன்முதலாக மறைமாவட்டத் திருப்பயணம் கிளம்பியபோது, வழியிலேயே செத்துப்போவாய் என்று எல்லோரும் தடுத்தும் கேட்கவில்லை. லூர்துத் தண்ணீரில் முழுக்காட்டி, நற்கருணைப் பவனியில் வைத்திருந்தபோது கை அசைந்தது. மறுநாள் காலை எழுந்து கெபிக்கு ஓடினார். ஊர் திரும்பி நிலக்கரி வியாபாரம், மூட்டை தூக்குகிற வேலை. அரசாங்கமோ அவர் குணமாகவே முடியாதவர் என்று எழுதி வைத்திருந்ததால், சாகும்வரை ஊனமுற்றோர் பென்ஷனை நிறுத்தவே இல்லை. இந்த இடத்தில் பாட்டி சிரித்து இருமி, தண்ணீர் கேட்டார்.

லூர்துவில் குணமானதாக 7,000-க்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டாக்டர்கள் துருவித் துருவிப் பார்த்து, அப்புறம் ஆயர் பார்த்து, திருச்சபை புதுமை, அதாவது அற்புதம் என்று ஒப்புக்கொண்டது 72 மட்டுமே. டிரெய்னருடையது 71-ஆவது. அறிவித்தது 2024 டிசம்பர் 8-ஆம் தேதி. "நூத்தியொரு வருஷம் கழிச்சு சர்டிஃபிகேட். அவன் 1943-லயே போய்ச் சேர்ந்துட்டான்" என்றார் பாட்டி. டிரெய்னர் குணமான பிறகு சும்மா இருக்கவில்லை. வருடா வருடம் லூர்து வந்து நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தார் என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

கடைத்தெருவைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை. மாதா வடிவத்தில் பிளாஸ்டிக் பாட்டில், நீலக் கிரீடம்தான் மூடி. அதே மாதா இரவில் ஒளிரவும் செய்வார். திருத்தலத்தின் வாசலைத் தாண்டினால் அந்தச் சந்தடி சட்டென்று நின்றுவிடுகிறது, அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். அம்மா கேட்டது ஐந்து லிட்டர் கேன். விமானத்தில் வந்தால் கைப்பையில் கனவிலும் நடக்காது. பஸ்ஸில் வந்ததன் ஒரே லாபம் இதுதான்.

குழாயடியில் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் தமிழ்க் குரல். புடவை, நெற்றியில் திருநீறு, பையில் நிறைய பாட்டில்கள். பாரிஸிலிருந்து வந்த யாழ்ப்பாணக் குடும்பம். "பிள்ளை, இந்தப் போத்திலைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களோ?" என்றார் அந்த அம்மா. பிடித்துக்கொண்டே, "ஆன்ட்டி, நீங்க மாதா கோயிலுக்கும் போவீங்களா?" என்று திருநீறைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊரில நல்லூர் முருகனிட்டயும் போவம், மடு மாதாவிட்டயும் போவம். மாதாவும் எங்களுக்கு அம்மாள்தானே" என்று அடுத்த போத்திலை நீட்டினார்.

இரவு 9 மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. பாடல் அச்சிட்ட காகிதக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி. செபமாலையின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு மொழியில் வரும். இத்தாலியன், ஸ்பானிஷ், ஆங்கிலம் என்று மாறிக்கொண்டே போனாலும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று யாருக்கும் குழப்பமில்லை. 'ஆவே ஆவே' என்ற பல்லவி வந்ததும் எல்லா மெழுகுவர்த்திகளும் உயரும். வில்லியனூரில் கேட்ட அதே மெட்டு. சுருவத்துக்குப் பின்னால் முதலில் நாற்காலிகள். நான் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்ததால் என் மெழுகுவர்த்தியையும் பாட்டியே பிடித்துக்கொண்டார். ஒரு கையில் இரண்டு. ஒவ்வொரு 'ஆவே'வுக்கும் இரண்டையும் சேர்த்தே தூக்கினார். மெழுகு வழிந்து அவர் விரலில் சொட்டியது. வாங்கிக்கொள்ளப் போனேன், தரவில்லை.

அடுத்த வருடப் பயணத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். அதற்குள் 18 ஆகிவிடும், பெரியவர்கள் குழுவில் சேர்ந்து இரவு வேலையும் பார்க்கலாம் என்று அம்மா சொல்கிறார். பாட்டியும் வருவதாகத்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகமாக இழுக்கப் பழகிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.