டிராகன்ஸ்லேயர்: மறக்க முடியாத டிராகன், மறந்துபோகும் நாயகன்

மேத்யூ ராபின்ஸ் இயக்கி 1981இல் வெளிவந்த ‘டிராகன்ஸ்லேயர்’ படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். படத்தின் உயிர் வெர்மித்ராக்ஸ் என்னும் அந்த டிராகன்தான். பொம்மையை ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் (ஃபிரேமுக்கும்) சிறிது நகர்த்திப் படம்பிடிக்கும் பழைய முறையில் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். திரைப்படச் சிறப்புக் காட்சிகளை உருவாக்கும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனக் கலைஞர்களோ கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும்போதே கணினி இயக்கும் மோட்டார்களால் பொம்மையை நகர்த்தி, ஓடும் விலங்கைப் படமெடுத்தால் விழும் இயல்பான மங்கலை அதற்கும் அளித்தார்கள். இறக்கைகளையே முன்னங்கால்களாக ஊன்றி அது குகைக்குள் ஊர்ந்துவரும் காட்சியில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய படம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. வெகுநேரம் வால், நகம், நிழல் என்று மட்டுமே காட்டி நம்மைக் காக்கவைத்த பொறுமையும், இறந்த குஞ்சுகளின் முன் அந்தக் கொடிய விலங்கு துயருறுவதைக் காட்டிய துணிவும் பாராட்டுக்குரியவை.

குறை நாயகனிடம் இருக்கிறது. மந்திரவாதியின் சீடன் கேலனாகப் பீட்டர் மெக்நிகல் நடித்திருக்கிறார்; அவருடைய தடுமாற்றம் முதலில் ரசிக்கவைத்தாலும், ஈட்டியோடு டிராகனை எதிர்கொள்ளும்போதும் அந்த முகத்தில் பெரிய மாற்றமில்லை. காதலும் அவசரமாக ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் கதையின் வசதிக்கேற்ப மாறுகிறது. ஆனால் செத்துக் கிடக்கும் டிராகனின் உடலில் வாளைச் செருகி, வெற்றியைத் தனதாக்கிக்கொள்ளும் அரசனின் காட்சிக்கு வாய்விட்டுச் சிரித்தேன்.