சேய்ஞலூர்ப் பிள்ளையும் ஒரு தகப்பன் கையும்

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகிற பக்கம், மண்ணியாற்றங்கரையில் இருக்கிறது திருச்சேய்ஞலூர். சூரபத்மனோடு போருக்குப் போகுமுன் முருகன் தன் அப்பனை வணங்கிப் படை வாங்கிய தலம் என்பார்கள். சண்டிகேசுவர நாயனார் பிறந்ததும் இங்கேதான். சிறுவயது நண்பன் ஒருவன், தகப்பனாருக்கு வருஷாப்திகம், அதாவது முதலாண்டு நினைவுத் திதி, முடிந்த கையோடு, "எங்கேயாவது கோயிலுக்குக் கூட்டிட்டுப் போடா" என்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த ஊர்.

மாடக்கோயில். படியேறிப் போய் சத்தியகிரீஸ்வரரைத் தரிசித்துவிட்டுச் சண்டிகேசுவரரிடம் வந்தோம். மற்ற ஊர்களில் மழுவோடு ஒடுங்கி உட்கார்ந்திருப்பவர், இங்கே சடையும் பிறையுமாகச் சிவனைப் போலவே இருக்கிறார். அவருக்குக் காது கேட்காது என்று நினைத்து ஓங்கிக் கைதட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் தியானத்தில் இருப்பவர். கையை மெல்லத் துடைத்துக் காட்டினாலே போதும்.

சண்டிகேசுவரர் ஆவதற்கு முன் அந்தப் பிள்ளையின் பெயர் விசாரசருமன். பசுவை அடித்த இடையனைத் தடுத்து, மேய்க்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டவன். ஆத்தி மரத்தடியில் மணலால் லிங்கம் செய்து, பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலால் அபிஷேகம் செய்தான். பார்த்த ஒருவன் ஊராரிடம் போய்ச் சொல்ல, அவர்கள் தகப்பன் எச்சதத்தனைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மறுநாள் அவன் குரா மரத்தில் ஒளிந்திருந்து பார்த்தான். இறங்கி வந்து மகனை அடித்தான். பாற்குடத்தைக் காலால் இடறினான். பிள்ளை எடுத்த கோல் மழுவாகி அந்தக் காலை வெட்டியது. சிவன் தோன்றி, இனி உனக்கு நாமே தந்தை என்று தன் கொன்றை மாலையை எடுத்துச் சூட்டினார். இது என்ன அருள் என்று சம்பந்தரே இத்தலப் பதிகத்தில் வியந்து கேட்கிறார்.

மணல் லிங்கம் செய்த இடமாகச் சொல்லப்படும் திருஆப்பாடியையும் தரிசித்துவிட்டு, அணைக்கரைப் பாலம் தாண்டிக் கங்கைகொண்டசோழபுரம் போனோம். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கட்டிய கோயில். வடக்கு வாசல் படியருகே இருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் பார்க்காமல் யாரும் திரும்பக் கூடாது. சிவன் உமையோடு அமர்ந்து, மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கும் பிள்ளையின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். முடிச்சுப் போடுகிற விரல்களில் அவசரமே இல்லை. பிள்ளை தலையைத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறான்.

நண்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா எங்கள் பள்ளி ஆசிரியர். முதல் ரேங்க் வாங்கினால்கூட, "கணக்கில் ரெண்டு மார்க் எங்கே?" என்று கேட்பவர். எட்டாம் வகுப்பில், வீட்டிலிருந்த பரீட்சைத் தாளை இவன்தான் எனக்குக் காட்டினான். விஷயம் வெளியே வந்ததும், நான் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். எனக்குப் பிரேயரில் எல்லோர் முன்னாலும் அடி. அவனுக்கு, உண்மையைச் சொன்ன பிள்ளை என்று பாராட்டு.

"எங்கப்பா என் தோள்மேல கை வெச்சது அந்த ஒரு தடவைதான்டா. அதுவும் உன்னைக் காட்டிக்கொடுத்து வாங்கினது" என்றான். அப்புறம், "நீ ஏன்டா அன்னிக்கே நிஜத்தைச் சொல்லலை?" என்று கேட்டான்.

"அவர் உன் தோள்ல கை வெச்சதை நானும் பார்த்தேன்டா. அப்ப உன் முகத்தையும் பார்த்தேன்" என்றேன்.

அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பிறகு, பெரியபுராணம் சொல்லும் ஒன்றைச் சொன்னேன். காலை இழந்த எச்சதத்தனைச் சிவன் தண்டித்து ஒதுக்கவில்லை. மகன் கையால் வெட்டுண்டதாலேயே அவன் குற்றம் நீங்கி, சுற்றத்தோடு சிவலோகம் சேர்ந்தான். பிள்ளைக்கு மட்டும் அருளிவிட்டுத் தகப்பனை விட்டுவிடுகிற சாமி இல்லை அவர்.

"சேய்ஞலூர் நடை சாயங்காலம் திறந்திருக்குமாடா?" என்று கேட்டான். வந்த வழியே திரும்பினோம். குருக்களிடம் அப்பா பெயரைச் சொல்லி, மோட்ச தீபம் ஏற்றணும் என்றான். நெய்க்கான பணத்தை நான் எடுக்கப் போனபோது, "இது நான்தான்டா கொடுக்கணும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினான்.