சுடுமல்லிக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும்

சித்தப்பா சோளக்காட்டுல இன்னிக்கு சுடுமல்லிக் களை பிடுங்குனேன். வெள்ளையா சின்னப் பூ, பாக்க பாவமா இருக்கு, கீழ பாத்தா சோள வேரோட ஒட்டிக்கிட்டு உறிஞ்சிட்டு இருக்கு.

சோளம் பக்கத்துல இருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியுது?

மண்ணுல பாஸ்பரஸ் பத்தலைன்னா சோள வேர் ஸ்ட்ரைகோலாக்டோன்னு ஒரு கெமிக்கலைக் கசியவிடும், அது மைக்கோரைசா பூஞ்சைக்கு விடுற அழைப்பு, பூஞ்சை கிளைவிட்டு வந்து பாஸ்பரஸைக் குடுத்துட்டு சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கும். வருஷக்கணக்கா தூங்குற சுடுமல்லி விதையும் அதையே மோப்பம் பிடிச்சு முளைச்சிடுது.

வேடிக்கை என்னன்னா 1966ல இந்தக் கெமிக்கலைப் பத்தி முதல்ல தெரிஞ்சது இந்தத் திருடனை எழுப்புற வேலைதான். பூஞ்சையைக் கூப்பிடுதுன்னு தெரிய 2005 ஆயிடுச்சு!

சித்தப்பாகிட்ட சொன்னேன். "அதெல்லாம் சரி, விதை கொட்டுறதுக்குள்ள அந்த வரிசையை முடி"ன்னாரு.