வரிசையில் நிற்கும் முன்: திருக்கல்லறைக் கோவிலில் சிலுவைப்போரின் தடங்கள்

இயேசுவின் கல்லறை இருந்த இடமாகப் போற்றப்படும் எருசலேமின் திருக்கல்லறைக் கோவிலுக்கு வரும் குழுக்களில் பெரும்பாலானவை வாசலைத் தாண்டியதும் நேராகக் கல்லறை வரிசைக்குப் போய்விடுகின்றன. அவசரம் வேண்டாம். முற்றத்தில் கால் மணி நேரம் நின்று முகப்பைப் பாருங்கள்.

இந்த முகப்பு சிலுவைப்போர்க்காரர்கள் கட்டியது. 1095இல் திருத்தந்தை இரண்டாம் உர்பான் கிளெர்மோன் நகரில் எருசலேமை மீட்க விடுத்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட படை, 1099 ஜூலை 15 அன்று எருசலேமைப் பிடித்தது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1149இல் அதே நாளில், புதுக்கோவில் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே இருந்த, உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக் கோவில் 335இல் அர்ச்சிக்கப்பட்டபோது, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரிப் பாறை ஒரு திறந்த முற்றத்தில் தனியே நின்றது. 1009இல் கலீபா அல்-ஹாக்கிம் அந்தக் கோவிலை இடிக்கச் செய்தார். பைசாந்தியப் பேரரசு 1048 வாக்கில் ஓரளவு சீரமைத்தது. கல்வாரியையும் கல்லறையையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தவர்கள் சிலுவைப்போர்க்காரர்கள்தான். இயேசு சிலுவை சுமந்து சென்றதை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் கடைசித் தலங்களை இன்று வெளியே வராமலே முடிக்க முடிவது அதனால்தான்.

முகப்பில் இரண்டு வாசல்கள் தெரியும். வலப்பக்க வாசல் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் நகரைக் கைப்பற்றிய பிறகு கல் வைத்து அடைக்கப்பட்டது. அதற்கும் வலப்புறம் வெளிப்படிகள் ஏறி, பிராங்குகள் சிற்றாலயம் என்னும் சிறு அறையில் முடிகின்றன. ஒரு காலத்தில் கல்வாரிக்கு நேரே ஏறும் வழி அது. இப்போது உள்ளே போக முடியாது. வாசலருகே தரையில், மூடி போட்ட இடத்தில், 1236இல் இறந்த ஆங்கிலேய வீரர் பிலிப் தோபிஞியின் கல்லறைக் கல் இருக்கிறது. பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் வலப்புறம், கல்வாரிக்கு ஏறுங்கள். படிகள் செங்குத்து, குறுகல், தேய்ந்து வழவழப்பானவை. முட்டிவலி உள்ளவர்கள் சுவரோரமாக, ஒரு கை காலியாக இருக்கும்படி ஏற வேண்டும். ஏறிய வழியே இறங்காமல் மறுபக்கப் படியில் இறங்கினால் நெரிசலில் சிக்க மாட்டீர்கள். மேலே வலப்புறம் இலத்தீன் (கத்தோலிக்கர்) பீடம், சிலுவைப்பாதையின் 11ஆம் தலம். அங்கே தலையை நிமிர்த்தி விதானத்தைப் பாருங்கள்: கிறிஸ்துவின் விண்ணேற்றத்தைக் காட்டும் ஒரு மொசைக் துண்டு. சிலுவைப்போர்க் காலத்தில் இங்கே நிறைந்திருந்த மொசைக் ஓவியங்களில் எஞ்சியது அதுதான். இடப்புறம் கிரேக்கரின் பீடம், 12ஆம் தலம். அதன் அடியில் வெள்ளித் தகட்டின் நடுத் துளையில் கைவிட்டுப் பாறையைத் தொடலாம். முழந்தாளிட்டுக் குனிய வேண்டியிருப்பதால் முதுகுப்பையை முன்பே கழற்றி உடன் வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பீடத்தின் விளிம்பில் இடிக்கும்.

கல்வாரிக்கு நேர் கீழே ஆதாம் சிற்றாலயம். எருசலேமின் முதல் இலத்தீன் ஆட்சியாளர் புய்யோன் கொட்பிரே இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கிறிஸ்து முள்முடி சூடிய நகரில் தான் பொன்முடி சூடுவதில்லை என்று அரசப் பட்டத்தை மறுத்தவர் என்பது மரபுச் செய்தி. 1100 ஜூலையில் இறந்தார். தம்பி பால்ட்வினுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் பெத்லகேமில் முடிசூடிக்கொண்டார். 1118இல் இறந்து அண்ணன் அருகே அடக்கமானார். 1808 தீவிபத்துக்குப் பிறகு நடந்த புதுப்பிப்பில் இரு கல்லறைகளும் அகற்றப்பட்டன. அவை இருந்த இடத்தில் இப்போது கல் இருக்கைகள். கால் வலிக்கிறவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள். கொட்பிரேயின் வாள் என்று ஒன்றைப் பிரான்சிஸ்கன் துறவிகள் காத்து வருகிறார்கள். அது அவருடையதுதானா என்பதில் ஐயம் கொள்ள நிறைய இடமுண்டு.

இந்தத் தலைவர்களைப் பக்திமான்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அது பாதிக் கதை. 1099இல் நகருக்குள் புகுந்த படை முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்துவிட்டு, இதே கோவிலுக்கு நன்றி செலுத்த வந்தது. ஹத்தின் போரில் வென்ற சலாவுதீன் 1187 அக்டோபர் 2 அன்று நகருக்குள் வந்தபோது படுகொலை நடக்கவில்லை. நகரைக் காத்து நின்ற தலைவர் பாலியன் பேசி முடித்த உடன்பாட்டின்படி ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் கட்டியவர்கள் வெளியேறினார்கள். கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். கோவில் இடிக்கப்படவில்லை. 1192இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டுடன் ஏற்பட்ட யோப்பா உடன்படிக்கை ஆயுதமில்லாத பயணிகளுக்கு வழிவிட்டது. ரிச்சர்டு மட்டும் எருசலேமுக்குள் வரவே இல்லை. இன்றும் கோவில் சாவி ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும் உரிமை நுசைபே குடும்பத்துக்கு.

இப்போது கல்லறைக்கு வருவோம். அனுமதிக் கட்டணம் கிடையாது. பேருந்துக் குழுக்கள் வந்து சேரும் முற்பகலில் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். விடியற்காலையில் கூட்டம் குறைவு. ஆனால் உள்ளே திருப்பலி நடக்கும்போது வரிசை நகராது. கோடைக்காலத்தில் வேறொரு சிக்கல்: ஊர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்தாலும் இந்தக் கோவிலின் வழிபாடுகள் பழைய நேரப்படியே நடக்கும். பங்கேற்க நினைப்பவர்கள் முந்தைய நாளே துறவிகளிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். உள்ளறைக்கு ஒரு தடவையில் நான்கைந்து பேரை விடுவார்கள். வாசல் தாழ்வு, நன்றாகக் குனிய வேண்டும். ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. வேண்டுதலை வரிசையிலேயே மனதில் ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது.

2016இல் சீரமைப்புக்காகக் கல்லறையின் மேல் பளிங்கைத் திறந்தபோது அடியில் சிலுவை கீறிய இன்னொரு பலகை தெரிந்தது. சிலுவைப்போர்க் காலத்ததாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அடியிலிருந்த சாந்தைச் சோதித்தபோது 345 வாக்கில் பூசியது என்று தெரியவந்தது.

அடுத்து புனித எலேனா சிற்றாலயத்துக்கு இறங்குங்கள். படியோரச் சுவர் முழுவதும் சிறு சிறு சிலுவைகள். சிலுவைப்போர் வீரர்கள் வாள்முனையால் கீறியவை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். உற்றுப் பாருங்கள், ஆழமும் அளவும் ஒன்றுபோல இருக்கும். பயணிகளுக்காகக் கற்தச்சர்கள் செதுக்கிக் கொடுத்தவையாக இருக்கலாம், அதுவும் சிலுவைப்போர்க் காலத்துக்குப் பின்னால் என்பது அண்மை ஆய்வாளர்களின் கருத்து.

நேரம் இருந்தால் சிங்க வாயிலருகே புனித அன்னாள் கோவிலுக்கும் போங்கள். 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர்க்காரர்கள் கட்டியது, பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. 1192இல் சலாவுதீன் அதை மதரஸாவாக்கினார். வாசலுக்கு மேல் அதைச் சொல்லும் அரபுக் கல்வெட்டு இன்னும் உண்டு. உள்ளே பாடலாம், ஆனால் பக்திப்பாடல் மட்டும். எதிரொலி நீளமானது, ஆகவே மெதுவான மாதா பாட்டாக எடுத்து ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விடுங்கள். விரைவுப் பாட்டு என்றால் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சொல் புரியாது. நண்பகலில் மூடிவிடுவார்கள் என்பதால் 11 மணிக்குள் போய்ச் சேருங்கள்.