மூன்றாவது செட், ஒரு சிப்பாய் குறைவு

போன மாதம் மூன்றாவது உலோக செஸ் செட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில், வெண்கலப் பானைகளுக்கும் இரும்புப் பூட்டுகளுக்கும் நடுவே ஒரு துணிப்பையில் கிடந்தது. பையைத் தூக்கியதுமே கை சொல்லிவிட்டது, இது பித்தளை என்று. ஒரு பக்கக் காய்களை மஞ்சளாகவே விட்டிருக்கிறார்கள், மறுபக்கத்துக்குக் கருப்பேற்றியிருக்கிறார்கள். யானை நிஜமாகவே யானை, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. மந்திரி நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டகம். இந்திக்காரர்கள் அந்தக் காயை ஊண்ட், அதாவது ஒட்டகம் என்றுதான் சொல்வார்கள், அதனால் வடக்கே வார்த்த செட்டாகத்தான் இருக்கும். எண்ணிப் பார்த்தால் 31 காய்கள். மஞ்சள் பக்கத்தில் ஒரு சிப்பாய் இல்லை. இருந்தாலும் வாங்கிவிட்டேன், அந்த ஒட்டகத்தின் கழுத்து வளைவைப் பார்த்த பிறகு விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

முதல் செட்டில் பட்ட அடி இல்லையென்றால் இவ்வளவு தைரியமாக வாங்கியிருக்க மாட்டேன். அது ரோமானியர்களும் எகிப்தியர்களும் மோதுகிற செட், இணையத்தில் ஒருவரிடம் வாங்கியது, ‘பழைய பித்தளை’ என்றுதான் விற்றார். வந்ததும் வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். ரோமானிய ராஜாவின் தோளிலும் மூக்கு நுனியிலும் மஞ்சள் போய்ச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. உள்ளே துத்தநாகக் கலவை, மேலே வெறும் முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் புளியின் அமிலம் துத்தநாகத்தை அரித்துச் சொரசொரப்பாக்கிவிட்டது, அது இனி சரியாகாது. இந்தக் கலவைக்கு ஸாமக் என்று பேர். துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. இப்போது கடையில் கிடைக்கிற பழங்காலத் தோற்ற செட்டுகளில் நிறைய இதில்தான் வார்க்கப்படுகின்றன. குறைந்த சூட்டில் உருகும், அச்சின் நுணுக்கமெல்லாம் அப்படியே விழும், அதனால் முக அமைப்பு பிரமாதமாக இருக்கும். கெட்ட பொருள் இல்லை, பித்தளை என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

அதற்கப்புறம் எந்தக் காய் வந்தாலும் தண்ணீரில் எடை போட்டுப் பார்க்கிறேன். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் காயைக் காய்ந்த நிலையில் எடை போட வேண்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எடையைச் சுழியாக்கி, காயை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுகிற கிராமால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். காரைக்குடி ராஜா 168 கிராம், தண்ணீரில் 20 காட்டியது, வகுத்தால் 8.4, பித்தளைதான். ரோமானிய ராஜா 134 கிராம், அதற்கும் 20, ஆக 6.7, துத்தநாகக் கலவை. 11-ஐ ஒட்டி வந்தால் ஈயம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். அடியில் ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தால் முதலில் பிரித்துவிட வேண்டும், உள்ளே குடைந்த காயாக இருந்தால் காற்று தங்காமல் சாய்த்து இறக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும்.

இரண்டாவது செட் லூயிஸ் காய்களின் உலோக நகல். அசல் 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்தது, பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியது, 12-ஆம் நூற்றாண்டு வேலை. கிடைத்த பொருட்களில் 82 பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் 11 எடின்பரோ மியூசியத்துக்கும் சொந்தம். உலோகத்தில் அசலே கிடையாது என்று தெரிந்தேதான் வாங்கினேன். அதில் யானைக்குப் பதிலாக நிற்கிற வீரன் கண்ணை உருட்டிக்கொண்டு தன் கேடயத்தையே பல்லால் கடிக்கிறான். அந்த ஒரு காய்க்காகவே வாங்கலாம்.

சரி, காணாமல் போன சிப்பாய்க்கு வருகிறேன். கும்பகோணம் பக்கம் விளக்கு வார்க்கிற பட்டறை ஒன்றுக்கு இன்னொரு சிப்பாயை மாதிரியாக எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் ஒருவர் அதை மண் பெட்டிக்குள் அழுத்தி, மேல்பெட்டி வைத்து, மாதிரியை அலுங்காமல் உருவி எடுத்து, பித்தளையை ஊற்றினார். ஆறியதும் அளந்தேன். மாதிரி 42 மில்லிமீட்டர், புதுசு 41.4 தான் இருந்தது. “உருக்கி ஊத்தினா ஆறும்போது சுருங்கத்தான் செய்யும் தம்பி, வேணும்னா மாதிரிக்கு மேல மெல்லிசா மெழுகு பூசிட்டு இன்னொண்ணு ஊத்தலாம்” என்றார். “செய்யுங்கய்யா” என்றேன். இரண்டாவது வார்ப்பு, அரம் போட்டுத் தேய்த்த பிறகு, சரியாக 42 வந்தது.

பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவு சுருங்கும், அதனால் ஒரு காயை வைத்து அச்செடுத்த நகல் அசலைவிட எப்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும், நகலுக்கு நகல் எடுத்தால் இன்னும் சின்னது. முகத்தின் கோடுகளும் ஒவ்வொரு தடவையும் மழுங்கும். பழைய செட் என்று யாராவது காட்டினால் இப்போது நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவியை எடுத்து ஒரே வகைக் காய்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுவிடுகிறேன், நடுவில் சேர்த்த காய் உடனே பிடிபடுகிறது.

புதுச் சிப்பாயின் நிறம்தான் இன்னும் ஒட்டவில்லை. பக்கத்தில் இருக்கிற ஏழும் தேன் நிறத்தில் மங்கி நிற்கும்போது இது மட்டும் எலுமிச்சை மஞ்சளாகப் பளபளக்கிறது. ரசாயனம் போட்டுக் கருக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று வாரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன், பஸ்ஸில் நின்றால் விரலால் உருட்டிக்கொண்டே இருக்கிறேன். நேற்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது கழுத்துப் பள்ளத்தில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது.