கூர்ஸ் ஃபீல்டில் ரன் குவிவது காற்றால் மட்டுமல்ல

அமெரிக்காவின் டென்வர் நகரில் இருக்கும் கூர்ஸ் ஃபீல்டு பேஸ்பால் மைதானத்தில் ஏன் இவ்வளவு ரன் குவிகிறது என்று கேட்டால், "உயரமான ஊர், காற்று லேசு, பந்து பறக்கும்" என்று ஒரே மூச்சில் பதில் வந்துவிடும். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் கூர்ஸ் ஃபீல்டும் புரியாது, பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கின் மற்ற 29 மைதானங்களும் புரியாது. பந்து எவ்வளவு தூரம் போகிறது, சுவர் எங்கே நிற்கிறது, சுவருக்கு முன்னால் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் காற்று. மட்டையிலிருந்து மணிக்கு 100 மைல் வேகத்தில், ஏறத்தாழ 28 டிகிரி கோணத்தில் கிளம்பும் பந்து கடல் மட்டத்தில் 400 அடி அளவுக்குப் போகும். காற்றே இல்லாவிட்டால் அதே அடி 550 அடியைத் தொட்டிருக்கும். அந்த 150 அடியையும் தின்பது காற்றின் இழுவைதான். அதனால் காற்றின் அடர்த்தி கொஞ்சம் மாறினாலும் தூரம் மாறிவிடுகிறது. கூர்ஸ் ஃபீல்டு ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 18 சதவீதம் குறைவு. அப்படியானால் தூரமும் அதே அளவு கூடும் என்று நினைக்கத் தோன்றும். கூடுவதில்லை. பின்சுழற்சியோடு போகும் பந்தைக் காற்றுதான் மேலே தாங்கிப் பிடிக்கிறது. இழுவை குறையும்போது அந்தத் தாங்கலும் சேர்ந்து குறைகிறது. கூட்டிக் கழித்தால் 400 அடி போகும் பந்துக்கு 20 அடி கூடுதலாகக் கிடைக்கிறது, அதாவது 5 சதவீதம்.

இதே காரணம் பந்தெறியும் பிட்சரையும் பாதிக்கிறது. கர்வ் பால் வளைவதும் காற்றைப் பிடித்துத்தான். டென்வரில் அந்த வளைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஃபாஸ்ட் பாலும் வழக்கம்போல் மிதந்து நிற்காமல் சற்றே தாழ்ந்து வந்து சேர்கிறது. மட்டையில் நன்றாகப் படும் பந்துகளின் எண்ணிக்கை கூடுவதற்கு இது ஒரு காரணம்.

வெப்பநிலையின் விளைவு இதைவிடச் சிறியது, ஆனால் எல்லா ஊருக்கும் உண்டு. 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால், உயரமாகத் தூக்கி அடித்த 400 அடி ஃப்ளை பால் 3 முதல் 4 அடி கூடுதலாகப் போகும். ஏப்ரல் மாத சிகாகோவில் 45 டிகிரியில் அடித்த பந்தையும் ஜூலையில் 90 டிகிரியில் அடித்த பந்தையும் ஒப்பிட்டால் 15 அடி வித்தியாசம் வந்துவிடும். சுவரை ஒட்டியுள்ள மண் பட்டையான வார்னிங் டிராக்கின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குளிரில் பந்தின் துள்ளலும் குறைவதால் ஏப்ரல் இரவு ஆட்டங்களில் பேட்டருக்கு இரட்டை நஷ்டம். டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2010-க்குப் பிறகு அடிக்கப்பட்ட ஹோம் ரன்களில், அதாவது சுவரைத் தாண்டிய அடிகளில், 500-க்கும் மேற்பட்டவை பருவநிலை வெப்பமானதால் கிடைத்தவை. மொத்த எண்ணிக்கையில் அது சிறு பங்குதான், ஆனாலும் உண்மையான பங்கு.

ஈரப்பதத்தைப் பற்றி அறிவிப்பாளர்கள்கூடத் தலைகீழாகப் பேசுவதைக் கேட்கலாம். புழுக்கமான காற்று "கனமானது", பந்து போகாது என்பார்கள். நீராவி மூலக்கூறின் எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி எடை 29. ஆகவே புழுக்கமான காற்று லேசானதே, அடர்த்தி ஒரு சதவீத அளவுக்குக் குறையும். பந்துக்கு ஓரிரு அடி கூடலாம், அதற்கு மேல் இல்லை. ஈரம் தன் வேலையைக் காட்டுவது காற்றில் அல்ல, பந்துக்குள். கம்பளி நூல் சுற்றிய பந்து ஈரத்தை உறிஞ்சினால் எடை கூடும், துள்ளல் குறையும், மட்டையிலிருந்து கிளம்பும் வேகமும் இறங்கும்.

டென்வரின் காற்று வறண்டது. பெட்டியிலேயே காய்ந்துபோன பந்துகள் கல் மாதிரித் துள்ளின. 1999-ல் அந்த ஒரே மைதானத்தில் இரு தரப்பும் சேர்ந்து 303 ஹோம் ரன் அடித்தார்கள். 2002-ல் ஹியூமிடார் எனப்படும் சேமிப்பு அறை வந்தது. 70 டிகிரி ஃபாரன்ஹீட், 50 சதவீத ஈரப்பதம் என்று நிலையாக வைத்து, ஆட்டத்துக்குப் பல நாள் முன்பே பந்துகளை அதில் அடுக்கிவிடுவார்கள். அதன் பிறகு அங்கே ஹோம் ரன் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. ஃபீனிக்ஸ் நகரின் சேஸ் ஃபீல்டு 2018-ல் இதைப் பின்பற்றியது, 2022 முதல் 30 மைதானங்களுக்கும் கட்டாயம். ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்கெனவே ஈரமான கடற்கரை ஊர்களில் இதே அறை பந்தை உலர்த்தும் வேலையைச் செய்கிறது. அங்கே பந்தின் துள்ளல் கூடத்தான் செய்யும். "ஹியூமிடார் வந்தால் ரன் குறையும்" என்பது பொது விதி கிடையாது.

பந்தைக் கட்டுப்படுத்திய பிறகும் கூர்ஸ் ஃபீல்டு ரன் பட்டியலில் ஏன் உச்சத்திலேயே இருக்கிறது? 1995-ல் அதைத் திறந்தபோதே, பந்து பறக்கும் என்று தெரிந்து சுவர்களைத் தள்ளி வைத்தார்கள். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இடது மூலை 347 அடி, நடு 415, வலது மூலை 350. ஹோம் ரன் அதனால் ஓரளவு கட்டுப்பட்டது. ஆனால் காவல் காக்க வேண்டிய பரப்பு பெருகியது, காப்பவர்களோ அதே மூன்று பேர். நடுவில் காக்கும் சென்டர் ஃபீல்டர் தலைக்கு மேல் போகும் பந்துக்குப் பயந்து பின்னால் நிற்கிறார். முன்னால் தொப்பென்று விழுவது சிங்கிள், பேட்டர் ஒரு பேஸ் ஓடிவிடுவார். இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே உருண்டால் பந்து சுவர் வரை ஓடி, இரண்டு பேஸ் தரும் டபுள், மூன்று பேஸ் தரும் டிரிபிள் ஆகிறது. சமீப ஆண்டுகளில் ஹோம் ரன்னுக்கு மட்டும் மிகச் சாதகமான மைதானம் எது என்று பார்த்தால் சின்சினாட்டியின் கிரேட் அமெரிக்கன் பால் பார்க்தான் முன்னால் வந்து நிற்கும், மூலைகள் 328, 325 அடி. மொத்த ரன்னில் டென்வர் அதை முந்துவது புல்வெளியின் பரப்பால். பவுண்டரி கயிற்றைத் தள்ளிக் கட்டினால் சிக்ஸர் குறையும், ஆனால் ஓடி எடுக்கும் இரண்டும் மூன்றும் கூடும் என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதானே.

சுவரின் உயரம் இன்னொரு கணக்கு. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவரான கிரீன் மான்ஸ்டர் 37 அடிக்கு மேல் உயரம், மூலை 310 அடி தூரம். உயரமாகத் தூக்கி அடித்த பந்து செங்குத்தாக இறங்கும் வழியில் அதைத் தாண்டிவிடும், அது வேறு ஊரில் கேட்ச் ஆகியிருக்கும். தாழ்வாக, விர்ரென்று பறக்கும் லைன் டிரைவ் வேறு ஊரில் எட்டடிச் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கும், இங்கே சுவரில் மோதி டபுளாகத் திரும்பி விழும். ஹோம் ரன் குறைகிறது, டபுள் குவிகிறது, மொத்த ரன் கூடுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க் நேர் எதிர். வலது மூலை 309 அடிதான், ஆனால் அங்கே 24 அடிச் சுவர், கூடவே விரிகுடாவிலிருந்து வரும் குளிர்காற்று. பெரும்பாலும் வலப்பக்கமே ஓங்கி அடிக்கும் இடக்கை பேட்டருக்கு அது சோதனைக்களம். நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் 314 அடி வலது மூலை அதே இடக்கை பேட்டருக்கு வரப்பிரசாதம். அதனால் ஒரு மைதானம் பேட்டருக்கு எவ்வளவு சாதகம் என்பதை ஒரே எண்ணில் சொல்லி முடிப்பதை நான் ஏற்பதில்லை. இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று வேண்டும்.

காற்று வீசும் திசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். மணிக்கு 5 மைல் வேகத்தில் வெளிப்பக்கமாக வீசினாலே 400 அடி பந்துக்கு 18 அடி அளவு கூடும். எதிர்க்காற்று அடித்தால் இழப்பு அதைவிடச் சற்று அதிகம். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் ஏரிப்பக்கமிருந்து வரும் குளிர்காற்று பந்தை உள்ளே தள்ளும், தென்மேற்கிலிருந்து வீசினால் பந்து தெருவுக்கே போய்விடும். 1979 மே 17 அன்று அப்படி ஒரு நாள்: ஃபில்லீஸ் அணி 23, உள்ளூர் கப்ஸ் அணி 22, பத்து இன்னிங்ஸ், 11 ஹோம் ரன். இப்படி ஒரு மைதானத்துக்குச் சராசரி என்பது இரண்டு வேறு மைதானங்களைக் கலந்து வைத்த எண். ஆட்டத்துக்கு முன் கொடிகளைப் பார்ப்பது அங்கே வீண் வேலையில்லை.

இனி, ஒரு மைதானம் ரன்னுக்கு எவ்வளவு சாதகம் என்று காட்டும் எண்ணான பார்க் ஃபேக்டரைப் போடும் முறை. 100 என்றால் சராசரி. ஓர் அணியின் சொந்த மைதானத்தில் இரு தரப்பும் எடுத்த ரன்னை ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள், வெளியூர் ஆட்டங்களுக்கும் அதையே செய்யுங்கள், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, உள்ளூர் 81 ஆட்டங்களில் 810 ரன், வெளியூர் 81-ல் 729 ரன் என்றால் 10-ஐ 9-ஆல் வகுக்க, 111. ஒரு பேட்டரின் மொத்தக் கணக்கைத் திருத்தும்போது இதை முழுதாகப் போடக் கூடாது. அவர் பாதி ஆட்டம்தான் அங்கே ஆடுகிறார், ஆகவே 105 அல்லது 106 போதும். இன்னொரு நுணுக்கம்: முன்னிலையில் இருக்கும் உள்ளூர் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் பேட் செய்யாது. ஆட்டத்துக்குப் பதில் இன்னிங்ஸால் வகுத்தால் அந்தப் பிழை நீங்கும்.

இந்தத் திருத்தத்தைக் கண்மூடித்தனமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பேட்டர் லாரி வாக்கர் நல்ல சாட்சி. 1997-ல் டென்வர் அணிக்காக 49 ஹோம் ரன் அடித்து எம்விபி, அதாவது ஆண்டின் மிகச் சிறந்த வீரர், ஆனார். "அதெல்லாம் உயரத்தின் கைங்கரியம்" என்றார்கள். அந்த 49-ல் 29 வெளியூரில் அடித்தவை.

ஒரே சீசனை வைத்து பார்க் ஃபேக்டர் போடுவதும் ஆபத்து, 81 ஆட்டங்களில் தற்செயல் நிறைய. குறைந்தது மூன்று ஆண்டு சேர்க்க வேண்டும், அதற்குள் மைதானமே மாறவில்லை என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் 2022 சீசனுக்கு முன் இடப்பக்கச் சுவரை அதிகபட்சம் 26 அடிக்கு மேல் பின்னுக்குத் தள்ளி, உயரத்தை 7 அடியிலிருந்து 13 அடியாக்கினார்கள். வலக்கை பேட்டர்களின் ஹோம் ரன் சரிந்தது. 2025 சீசனுக்கு முன் மறுபடியும் உள்ளே கொண்டுவந்து உயரத்தையும் குறைத்தார்கள். ஆக 2021 வரை ஒன்று, 2022 முதல் 2024 வரை ஒன்று, அதற்குப் பின் ஒன்று என மூன்று தனித்தனி மைதானங்களாகப் பிரித்துத்தான் அந்த எண்களை எடுக்க வேண்டும். கூரை மூடித் திறக்கும் ஃபீனிக்ஸ், ஹூஸ்டன் போன்ற இடங்களில் கூரை திறந்த ஆட்டங்களையும் மூடிய ஆட்டங்களையும் பிரிப்பது அடுத்த வேலை.